போல்டர் சிட்டி: ஹூவர் அணைக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஊர்

லாஸ் வேகஸ் போகிறவர்களில் பெரும்பாலோர் கொலராடோ நதிக்குக் குறுக்கே நிற்கும் ஹூவர் அணையை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் கார் எடுத்தால் பாலத்தில் ஒரு படம், அணை மேல் ஒரு படம், மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி வேகஸ். போகிற வழியில் இருக்கும் போல்டர் சிட்டியில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. 2018 ஆகஸ்டில் இன்டர்ஸ்டேட் 11 புறவழிச்சாலை திறந்த பிறகு ஊர் கண்ணிலேயே படுவதில்லை. அது பெரிய இழப்பு. அணை எப்படிக் கட்டப்பட்டது என்பதை அணையில் இருக்கும் கைடே அழகாகச் சொல்லிவிடுவார். கட்டியவர்கள் எங்கே படுத்தார்கள், யாரை ஊருக்குள் விட்டார்கள், யாரை விடவில்லை என்பதற்கு இந்த ஊரின் தெருக்களைத்தான் நடந்து பார்க்க வேண்டும். ஓர் இரவு தங்குங்கள். முதலில் ஊர், மறுநாள் அணை. இந்த வரிசையில் பார்த்தால்தான் அந்தக் கான்கிரீட்டுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் தெரிவார்கள்.

வேகஸ் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரம். இன்டர்ஸ்டேட் 11-இல் தெற்கே வந்து, ரயில்ரோட் பாஸ் கேசினோ தாண்டியதும் 'பிசினஸ் 93' என்ற பலகையைப் பிடித்து இறங்க வேண்டும். பலரும் தவறவிடுவது இங்கேதான். விட்டுவிட்டால் சாலை ஊரைத் தெற்கே சுற்றிக்கொண்டு அணைக்குப் பக்கத்தில் போய் விடும். பதற வேண்டாம், எக்ஸிட் 2-இல் இறங்கி மேற்கே திரும்பினால், அணை தேக்கிய லேக் மீட் ஏரியைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் வழியாக ஊருக்குள் வந்துவிடலாம்.

ஊரைக் கீழிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள். நெவாடா வே சாலையில் ஏறி, குன்றின் உச்சியில் இருக்கும் பீரோ ஆஃப் ரெக்லமேஷன் நிர்வாகக் கட்டடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். அணையைக் கட்டுவித்த ஃபெடரல் துறையின் அலுவலகம் அது. அதன் முன்னால் நின்று கீழே பார்த்தால் ஊரின் வரைபடமே கால் அடியில் விரியும். டென்வரைச் சேர்ந்த நகரமைப்பாளர் எஸ். ஆர். டிபோயர் 1930-இல் போட்ட திட்டம் இது. உச்சியில் அரசு அலுவலகம். அதிலிருந்து விசிறி போலப் பிரியும் சாலைகள். நடுவில் புல்வெளிப் பூங்கா. அதற்குக் கீழே கடைத்தெரு. அதையும் தாண்டிச் சரிவில் தொழிலாளர் வீடுகள். தெருக்களுக்கு அரிசோனா, யூட்டா, வயோமிங், கொலராடோ என்று கொலராடோ நதி நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏழு மாநிலங்களின் பெயர்கள். தொழிலாளர் பகுதியின் அவென்யூக்களுக்கு வெறும் ஆங்கில எழுத்துகள்தான்.

மேட்டில் இருக்கும் வீடுகள் செங்கல்லால் கட்டியவை. அரசுப் பொறியாளர்களுக்கானவை என்பதால் பிறகும் நிற்கும்படி கட்டினார்கள். கீழே இறங்க இறங்க வீடுகள் சிறுக்கும், மரச்சட்டத்துக்கு மாறும். அணை ஒப்பந்தத்தை எடுத்திருந்த 'சிக்ஸ் கம்பெனீஸ்' கூட்டு நிறுவனம் ஓர் அறை, இரண்டு அறை, மூன்று அறை என்று அச்சில் வார்த்தாற்போல நூற்றுக்கணக்கில் எழுப்பிய வீடுகள் அவை. சில வருடங்கள் தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. தொண்ணூறு வருடம் கழித்தும் பல நிற்கின்றன. வண்டியிலேயே சுற்றிப் பார்த்தால் இது பிடிபடாது, நடந்தால்தான் தெரியும். முன்பக்கம் ஒரு சிறு சதுரக் கூடு, அதன் மேல் தாழ்ந்த கூரை, பக்கவாட்டில் திண்ணை மாதிரி ஒரு பகுதி. வெயில் காலத்தில் குடும்பமே படுத்த இடம் அந்தத் திண்ணைதான். பிறகு வாங்கியவர்கள் பின்பக்கம் நீட்டியிருக்கிறார்கள், சுவருக்குப் பூச்சு மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் பழைய கூடு எங்கே முடிகிறது, புதுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று கூரையின் உயர வித்தியாசத்தை வைத்தே சொல்லிவிடலாம். வீடுகளில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையிலிருந்து பாருங்கள், முற்றத்தில் கால் வைக்க வேண்டாம். இந்தப் பகுதிக்கு விளக்கப் பலகைகள் போதவில்லை என்பது ஒரு குறை. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் குறை பாதி தீரும்.

அந்த அருங்காட்சியகம் அரிசோனா ஸ்ட்ரீட்டில், போல்டர் டேம் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கிறது. அளவில் சிறியது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் படித்துவிடலாம். இதன் பலம் என்னவென்றால் எந்திரங்களை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் வேலை போனவர்கள் மனைவி மக்களோடு நெவாடாப் பாலைவனத்துக்கு வந்து குவிந்தார்கள். ஊர் இன்னும் தயாராகவில்லை. நதிக்கரையில் துணியும் அட்டையும் தகரமும் வைத்துக் கூடாரம் போட்டுக்கொண்டார்கள். அந்தக் குடியிருப்புக்கு ராக்டவுன், அதாவது கந்தல் ஊர், என்றே பெயர் விழுந்தது. 1931 கோடையில் வெயில் 48 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறியது. ஜூன் கடைசியிலிருந்து ஒரே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தார்கள். ஆகஸ்டில் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். அது தோற்றது, ஆனால் அதன் பிறகு வீடு கட்டும் வேலையும் குடிநீர் ஏற்பாடும் வேகம் பிடித்தன.

வேலை மூன்று ஷிஃப்ட், வாரத்தில் ஏழு நாள். வருடத்தில் கிறிஸ்துமஸும் ஜூலை 4-ம் மட்டும் விடுமுறை. திருமணமாகாதவர்களுக்கு டார்மிட்டரி. படுக்கை, மெஸ் சாப்பாடு, வேலைத்தளத்துக்குப் போய்வரும் வண்டி மூன்றுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 1 டாலர் 60 சென்ட் பிடித்துக்கொண்டார்கள். சாதாரணக் கூலியாளின் சம்பளம் நாளுக்கு 4 டாலர். 1934-இன் நடுவில் வேலையாட்கள் ஐயாயிரத்தைத் தாண்டினார்கள். இத்தனை பேருக்கும் தண்ணீர் கொலராடோ நதியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் மேலே ஏற்றப்பட்டது. நதியில் வண்டல் அதிகம் என்பதால் தெளியவைத்து, வடிகட்டி, கடினத்தன்மையைப் போக்கித்தான் குழாயில் விட்டார்கள். ஊரின் நடுவில் இன்றும் பச்சையாகத் தெரியும் புல்வெளிக்கு அடியில் இந்த உழைப்பு இருக்கிறது.

ஊருக்குள் நுழையவே வாசலில் காவல் இருந்தது. மது கூடாது, சூதாட்டம் கூடாது. ஃபெடரல் அரசு நியமித்த நகர மேலாளர் சிம்ஸ் ஈலி வைத்ததுதான் சட்டம். அவர் போகச் சொன்னால் வேலையும் போய்விடும், வீடும் போய்விடும். ஊருக்குள் வரவே முடியாதவர்களும் உண்டு. கறுப்பினத்தவர் வேலைக்கு எடுக்கப்பட்டதே எதிர்ப்புக்குப் பிறகுதான். எடுக்கப்பட்ட சிலரையும் போல்டர் சிட்டியில் குடியிருக்க விடவில்லை. லாஸ் வேகஸிலிருந்து தினமும் வந்து போனார்கள். சீனர்களை வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. மாதிரி நகரம் என்று அன்றைக்குக் கொண்டாடப்பட்ட ஊரின் அழகான வீதிகளில் நடக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தெருவில் இருக்கும் சிலைகளும் பலகைகளும் இதை இன்னும் உரக்கச் சொல்லலாம்.

சிலைகளில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். நெவாடா வேயில் துடைப்பத்தோடும் தோளில் தொங்கும் கழிப்பறைக் காகித உருளைகளோடும் நிற்கும் ஆள். வேலைத்தளத்தின் கழிப்பறைகளைச் சுத்தம் செய்தவர். 'அலபாம்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அணையில் வெண்கலச் சிறகு விரித்த முப்பது அடிச் சிலைகள் உண்டு. ஊர் தன் கடைத்தெருவில் இவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. இந்த ஊரை நேசிக்க அந்தச் சிலை ஒன்றே போதும்.

தங்குவதற்கு போல்டர் டேம் ஹோட்டலையே சொல்வோம். 1933 டிசம்பரில் திறந்தது. அணை வேலையைப் பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்காகக் கட்டியது. வெள்ளைத் தூண்களும் மரப்பலகை பதித்த லாபியும் பழைய அழகு கெடாமல் இருக்கின்றன. இப்போது உள்ளூர் அருங்காட்சியக அமைப்பே இதை நடத்துகிறது, ஆகவே நீங்கள் கொடுக்கும் வாடகை கட்டடத்தைப் பராமரிக்கப் போகிறது. எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அறைகள் சிறியவை, 1930-களின் அளவு. இரண்டு பெரிய பெட்டிகளைத் தரையில் விரித்தால் நடக்க இடம் இருக்காது. பழைய கட்டடம் என்பதால் காலடிச் சத்தமும் கேட்கும். இருபத்துச் சொச்சம் அறைகள்தான் என்பதால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வார இறுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். வயதான பெற்றோரைக் கூட்டிப் போனால் எந்தத் தளம், எத்தனை படி என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நீச்சல் குளம், ரிசார்ட் வசதிகள் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

சாப்பாட்டில் காலைதான் இந்த ஊரின் பலம். நெவாடா வேயில் இருக்கும் காஃபி கப் 1931-இலிருந்து பெயர் சொல்லும் கடை. காலையும் மதியமும் மட்டுமே. பிற்பகல் இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். அணையைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று நினைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வார இறுதியில் எட்டரைக்கு மேல் போனால் வெளியே காத்திருக்க வேண்டும், ஏழரைக்குள் போனால் உடனே இடம் கிடைக்கும். அங்கே புகழ்பெற்றது சில்லி வெர்டே போட்ட ஆம்லெட். பெயரைப் பார்த்துப் பச்சை மிளகாய்க் குழம்பு என்று நினைக்காதீர்கள், அது பன்றி இறைச்சி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பான்கேக், ஹாஷ் பிரவுன், டோஸ்ட் என்று பிரித்துச் சொல்லி வாங்கலாம். இந்தப் பக்கத்து உணவகங்கள் எதிலும் பீன்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். இரவுக்கு ஊரில் சில நல்ல கடைகள் உண்டு. ஆனால் வேகஸ் போல நள்ளிரவில் எதுவும் கிடைக்காது. எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இந்தியச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் வேகஸிலேயே வாங்கி வருவது நல்லது.

சூதாட்டத்துக்கு இன்றும் தடை. நெவாடாவில் இப்படி இருக்கும் ஊர்கள் இரண்டே, மற்றது பனாக்கா. 1960-இல்தான் ஃபெடரல் அரசு ஊரை விட்டுக்கொடுத்து, போல்டர் சிட்டி தனி நகராட்சி ஆனது. அப்போது தாங்களே எழுதிய நகர சாசனத்திலும் சூதாட்டத் தடையை வைத்துக்கொண்டார்கள். மதுத் தடை 1969-இல் நீங்கியது. கேசினோக்கள் ஊர் எல்லையை ஒட்டி இரு முனையிலும் நிற்கின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. 1979-இலிருந்து வருடத்துக்கு இத்தனை வீடுகள்தான் என்று கட்டுப்பாடும் உண்டு. ஓர் ஏக்கருக்கு மேல் நகராட்சி நிலத்தை விற்க வாக்காளர் ஒப்புதல் வேண்டும். பரப்பளவில் நெவாடாவின் மிகப் பெரிய நகராட்சி இது, மக்கள்தொகை பதினையாயிரம்தான். மீதிப் பாலைவனத்தில் ஒரு பகுதியைச் சூரிய மின் நிலையங்களுக்குக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்கிறார்கள். பழைய கடைத்தெரு இடிபடாமல் நிற்பதற்கு இந்த முடிவுகள்தான் காரணம். நடைபாதையின் மேல் கூரை நீட்டி வளைவுகள் வைத்த அந்தக் கட்டடங்களின் கீழ் நடந்து பார்த்தால், நாற்பது டிகிரி வெயிலுக்கு அன்றே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது உறைக்கும்.

வெயில் சாய்ந்ததும் ஹெமன்வே பார்க். ஏரியைப் பார்த்த சரிவில் ஒரு சாதாரணப் புல்வெளிதான். அங்கே காட்டுச் செம்மறிகள் மேய வரும். சுருண்ட பெரிய கொம்பு உள்ள பாலைவன பிக்ஹார்ன் இனம், பின்னால் இருக்கும் ரிவர் மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. மலையில் பச்சை காய்ந்துபோகும் கோடையில்தான் அதிகம் வரும். மழை பெய்து மலையிலேயே தீனி கிடைத்தால் வராது. அப்போது ஏமாற்றம் வரலாம். தூரத்திலிருந்தே படம் எடுங்கள், தீனி போடக் கூடாது, குழந்தைகளைப் பக்கத்தில் அனுப்பாதீர்கள்.

மறுநாள் அணை. டிக்கெட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று வகை. விசிட்டர் சென்டரை மட்டும் நீங்களே சுற்றிப் பார்ப்பது, மின் நிலையத்துக்குக் கைடோடு இறங்குவது, அணையின் உள்ளேயே சுரங்க வழிகளில் போகும் முழு டூர். முதல் இரண்டுக்கும் ஆன்லைனில் எடுக்கலாம். முழு டூருக்கு அங்கே நேரில் போய் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும்; முதலில் வருகிறவருக்கே முதலில். ஒரு குழுவுக்குச் சில பேர்தான் என்பதால் காலையிலேயே தீர்ந்துவிடும். ஊரில் தங்குவதன் பெரிய லாபமே இதுதான்: திறப்பதற்கு முன்னால் போய் நிற்க முடிகிறது. சமீப நிலவரப்படி விலை முறையே 10, 15, 30 டாலர். கார் நிறுத்த 10 டாலர் தனி. புறப்படும் முன் பீரோ ஆஃப் ரெக்லமேஷனின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை முழு டூரில் விடமாட்டார்கள். சக்கர நாற்காலிக்கும் அந்த டூர் ஒத்துவராது, மின் நிலைய டூர் போதும். மூடிய இடம் பயம் என்றால் முழு டூரைத் தவிருங்கள்.

பயம் இல்லாதவர்கள் முப்பது டாலரைத் தயங்காமல் கொடுக்கலாம். குறுகலான ஆய்வுச் சுரங்கத்தில் நடந்து போய், அணையின் முகத்திலேயே திறக்கும் காற்றுத் துவாரம் வழியாக வெளியே பார்ப்பதற்கு இணையான காட்சி மேலே எங்கும் இல்லை. சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கான்கிரீட் இறுகும்போது சூடாகும். இத்தனை பெரிய சுவரை ஒரே வார்ப்பாக ஊற்றியிருந்தால் தானாக ஆறுவதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், விரிசலும் விட்டிருக்கும். ஆகவே தனித்தனித் தூண்களாக, ஒரு தடவைக்கு ஐந்தடி உயரம் என்று ஊற்றி, உள்ளே ஓர் அங்குல இரும்புக் குழாய்களைப் பதித்துக் குளிர்நீர் ஓடவிட்டார்கள். அந்தக் குழாய்களின் மொத்த நீளம் 900 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆறியபின் குழாய்களுக்குள்ளும் தூண்களுக்கு இடையிலும் சிமென்ட் குழம்பைச் செலுத்தி அடைத்தார்கள். 1933 ஜூனில் தொடங்கி 1935 மே மாதக் கடைசியில் ஊற்றி முடித்தார்கள். தொழிலாளர் உடல்கள் கான்கிரீட்டுக்குள் கிடக்கின்றன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்தடி அடுக்கில் ஒரு ஆள் காணாமல் போக வழியில்லை. அதிகாரபூர்வக் கணக்கில் விபத்தில் இறந்தவர்கள் 96 பேர். நதியைத் திசைதிருப்பக் குடைந்த சுரங்கங்களில் எஞ்சின் புகையைச் சுவாசித்துவிட்டு 'நிமோனியா' என்று எழுதப்பட்டு இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

குளிர்காலத்தில் நேரம் குழப்பும். அணையின் நடுவில் மாநில எல்லை. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் கோடையில் இரு பக்கமும் ஒரே நேரம், குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால். கைபேசி தானாக மாறிவிடும். டூர் நேரத்தை நெவாடா நேரமாகவே கையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அணைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை நதியைக் கடக்கும் பாலத்தைப் பொறுத்தவரை, காரில் போகும்போது பக்கச் சுவர் மறைப்பதால் அணை தெரியாது. அணைக்குப் போகும் சாலையில் நிறுத்தி மேலே நடந்து ஏற வேண்டும். காற்று தொப்பியைப் பறித்துவிடும்.

நடக்கப் பிடித்தவர்கள் பழைய ரயில் பாதையை விடக்கூடாது. லேக் மீட் ஏரிப் பக்கம் இருக்கும் ஆலன் பைபிள் விசிட்டர் சென்டர் அருகில் தொடங்கி ஐந்து சுரங்கங்கள் வழியாக அணைப் பக்கம் போகும் பாதை. ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பெரும்பாலும் சமதளம். ராட்சதக் குழாய்த் துண்டுகளும் எந்திரங்களும் ரயிலில் போக வேண்டியிருந்ததால் சுரங்கங்களை அவ்வளவு பெரிதாகக் குடைந்தார்கள். சுரங்கத்துக்கு வெளியே நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரை காலை ஒன்பதுக்குள் திரும்பிவிட முடியாது என்றால் போகவே வேண்டாம்.

அதே ரயில் தடத்தின் ஊர்ப்பக்கத் துண்டு நெவாடா ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய பெட்டிகளில் வார இறுதியில் சவாரி உண்டு. தண்டவாளத்தில் பெடல் மிதித்துப் போகும் வண்டியும் உண்டு. அதில் போகும்போது இறக்கம், திரும்பும்போது ரயில் இழுத்து வரும் என்பதால் முட்டி வலி உள்ளவர்களும் போகலாம். சவாரி சனி, ஞாயிறு. அணையில் கூட்டம் குறைவது திங்கள். ஞாயிறு காலை வந்து ரயிலையும் ஊரையும் பார்த்து, இரவு தங்கி, திங்கள் காலை முதல் ஆளாக அணை வரிசையில் நில்லுங்கள்.